கேட்டதாகச் சொன்ன பாட்டுகள்

பிப்ரவரி 6, வெள்ளி

என் ஆல்பம் பாஸாகிவிட்டது. நாத்தனார் பத்துக்கு ஏழு போட்டாள். அவள் ஏழு போடுவது மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டுவதற்குச் சமம். மெழுகு ஒன்பது போட்டான். அவன் எதற்குமே ஒன்பதுக்குக் கீழே போட்டதில்லை என்பதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இதை மூன்று பேரும் ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வாரம் ஒருவர் ஒரு ஆல்பம் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் அதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல், வேறு வேலை செய்யாமல் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியில் நாத்தனார் வீட்டில் கூடி, அவரவருக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டும். சட்டமெல்லாம் அவள் போட்டது. பிசியோதெரபிஸ்ட் அல்லவா, சொன்ன பயிற்சியைச் செய்யாமல் வருகிற மூட்டுவலிக்காரர்களைத் தினமும் பார்க்கிறவள். "பாதி கேட்டேன்" என்று யாராவது சொன்னால், பாதி மாத்திரை விழுங்கினேன் என்று சொன்னதுபோல் பார்ப்பாள். அவளுடைய தலையாய சட்டம், அபிப்பிராயம் சொந்தமாக இருக்க வேண்டும். நெட்டில் எவனோ எழுதியதைப் படித்துவிட்டு வந்து ஒப்பிக்கக் கூடாது.

மெழுகு, நாங்கள் வேலை செய்யும் செயற்கைப் பல் லேபில் எனக்குப் பக்கத்து மேஜை. பல்லின் முதல் உருவத்தை மெழுகில் பிடிப்பது அவன் வேலை, அதனால் அந்தப் பெயர். அது உலோகத்தில் வார்ப்பாகி, மேலே பீங்கான் ஏறி, சூளையிலிருந்து வந்த பிறகு மோட்டாரில் தேய்த்துச் சரிசெய்வது நான். இருபத்து மூன்று வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

கீழே எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன, ஜெயிச்சியா?" என்று. போட்டி இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் இதைத்தான் கேட்பார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று தேய்த்தது இரண்டு முழு செட் பல், பதினோரு கிரௌன். தோள்பட்டை கழன்று விழாத குறை.

மெழுகு இந்த வாரத்து ஆல்பத்தைச் சொல்லிவிட்டான். ஒரு பியானோ, ஒரு டிரம்ஸ், வேறு யாரும் இல்லை. சாம்பல் நிற அட்டை. சமைத்துக்கொண்டே கேட்கக் கூடாது என்பது சட்டம், ஆகவே சமையலை அவர் தலையில் கட்டிவிட்டுக் கேட்டேன். அழகாக இருந்தது. நான்காவது பாட்டு முடிந்ததும் ஒரு நீண்ட நிசப்தம் விட்டிருக்கிறார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

செருப்பைக் கழற்றுவதற்குள் மெழுகு ஆரம்பித்துவிட்டான். நான்காவது பாட்டில் கடைசியில் வரும் அந்த உப்பு! நாத்தனாரும் உடனே, ஆமாம், உப்புத் தூவுகிற மாதிரியேதான் என்றாள். சொல்லி வைத்துக்கொண்டதுபோல் இருவருக்கும் ஒரே வார்த்தை. டிரம்ஸ்காரர் பித்தளைத் தட்டின் விளிம்பை பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு எடுக்கிறாராம். பியானோ நின்ற பிறகும் அது மட்டும் ஒரு நிமிஷத்துக்கு மேல் வருகிறதாம். நாத்தனார் அதை பஸ்ஸில் கேட்டுக் கண்கலங்கியதைப் பார்த்து, பக்கத்து சீட்டு அம்மாள் கர்ச்சீப் நீட்டினாராம்.

நான் நிசப்தம் என்று நினைத்த இடம்.

அந்த நிசப்தத்தைப் பாராட்ட வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம் வேறு தயார் செய்து கொண்டு போயிருந்தேன். நல்லவேளை, முந்திக்கொள்ளவில்லை.

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு அக்கா?" என்றான் மெழுகு.

உப்புதான் பிரமாதம் என்றேன்.

பிப்ரவரி 14, சனி

காலையில் மூன்று தடவை போட்டேன். ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன். சத்தத்தை முழுக்க ஏற்றினேன். பியானோ நிற்கிறது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு ஐந்தாவது பாட்டு.

மத்தியானம் அவர் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, கிரீஸ் கையோடு வந்தார். கை கழுவக்கூட விடாமல் தலையில் ஹெட்போனை மாட்டினேன். அவருக்குப் பாட்டு என்றால், ஓடினால் ஓடட்டும், நின்றால் நிற்கட்டும். அவர் காதுக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

"என்ன கேக்குது?"

"பியானோ."

கொஞ்ச நேரம் கழித்து, இப்போது என்றேன்.

"பியானோ நின்னுடுச்சு. யாரோ மெதுவா வாசல் பெருக்குற மாதிரி இருக்கு." அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏன், உனக்குக் கேக்கலையா?"

கேட்குதே, சும்மா கேட்டேன் என்றேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

உட்கார்ந்து யோசித்தால் ஒவ்வொன்றாக வருகிறது. ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தால் 'பீப்' அடிக்கும் என்று அவர் சொல்வார். நான் அதைக் கேட்டதே இல்லை. போன மாதம் காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து, அது எப்போதோ அடித்து முடித்துவிட்டது என்றார். அக்காவின் பேத்தி போனில் பேசினால் எனக்கு ஒரு வார்த்தை புரிவதில்லை. குழந்தை மழலை என்று விட்டுவிட்டேன். அவள் மழலை பேசுகிற வயது தாண்டி மூன்று வருஷம் ஆகிறது.

எனக்கு நாற்பத்தெட்டுதானே?

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று நாத்தனாருடைய ஆல்பம். தனியாக ஒரு பெண் குரல், பின்னால் வயலின்கள். எனக்குக் கேட்டது பெரும்பாலும் அடியில் ஓடிய செல்லோதான். குரல் வருகிறது, ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆளைப் பார்ப்பதுபோல், யார் என்று தெரிகிறது, முகம் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் நெட்டில் மூன்று விமர்சனங்களைப் படித்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்ததைக் கொஞ்சம் கலைத்துப்போட்டுச் சொன்னேன். இரண்டாவது பாட்டில் வயலின்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன என்றேன். நாத்தனார் தொடையில் தட்டி, அதேதான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றாள்.

வீட்டுக்கு வந்து பேஸ்ட்டே இல்லாமல் பல் தேய்த்திருக்கிறேன். ஒரு நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்றும் தப்பித்தேன். என் முறையை மெழுகுக்குத் தள்ளிவிட்டதால் அவன் ஆல்பம்தான்.

மார்ச் 6, வெள்ளி

"அண்ணி, முன்னைக்கு இப்ப நீங்க ரொம்ப நுணுக்கமா கேக்குறீங்க" என்றாள் நாத்தனார். கிண்டல் இல்லை. மெழுகும் தலையாட்டினான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் வெட்கம். எழுதிவைக்கிறேன்: சந்தோஷமாக இருந்தது.

நாத்தனாரும் நானும் இருபது வருஷமாக ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக இருக்கிறோம். அதில் பதினெட்டு வருஷம் பேசிக்கொண்டதெல்லாம் தண்ணீர் வந்துவிட்டதா, மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது, மாமியாருக்கு மாத்திரை கொடுத்தாச்சா. அண்ணன் பெண்டாட்டி, புருஷன் தங்கை, அவ்வளவுதான். மாமியார் போன பிறகு மாத்திரைப் பேச்சும் இல்லை. ஒரு நாள் துணி காயப்போடும்போது அவள் போனிலிருந்து ஒரு கிளாரினெட் கேட்டது. என்ன ஆல்பம் என்று கேட்டேன். அன்று துணி காய்ந்து, மடித்து முடிக்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அவள் இவ்வளவு பேசுவாள் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. நானும் பேசுவேன் என்று அவளுக்குத் தெரியாதாம்.

அதனால்தான் சொல்ல முடியவில்லை. காது போய்விட்டது என்று சொன்னால் மறுபடியும் தண்ணீர் வந்துவிட்டதா என்றுதான் பேச வேண்டியிருக்கும்.

மார்ச் 13, வெள்ளி

என் முறை. பழைய பிடித்தமான ஆல்பங்கள் ஒன்றையும் எடுக்கத் தைரியம் இல்லை. அவற்றில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கப் பயம். புதிதாக ஏதோ ஒன்றைச் சொல்லி வைத்தேன். நாத்தனார் ஐந்து போட்டாள். சரியான மதிப்பெண்தான்.

மார்ச் 20, வெள்ளி

மாட்டிக்கொண்டேன். கையும் களவுமாக.

மெழுகு கொடுத்தது ஒரு அக்கார்டியன்காரரின் ஆல்பம். எட்டு பாட்டு. நேற்று லேபில் நிற்க நேரமில்லாததால் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், ஒரே ஒரு விமர்சனம்தான் படித்தேன். அது போதாதென்று முதல் ஆளாக நானே வாயைத் திறந்தேன். கடைசிப் பாட்டில் தூரத்தில் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் உடைகிற மாதிரி ஒரு சத்தம், அக்கார்டியன் அதற்குப் பயந்து பயந்து நடக்கிறது, என்றேன்.

நாத்தனார் மெழுகைப் பார்த்தாள்.

"எந்த மணி அக்கா?" என்றான் மெழுகு. உண்மையாகவே கேட்டான், பாவம். தான் தவறவிட்டுவிட்டோம் என்று நினைத்து முகம் வாடிப்போயிருந்தான்.

நாத்தனார் ஸ்பீக்கரில் கடைசிப் பாட்டைப் போட்டாள். மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டோம். மணி இல்லையாம். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு அது தெரிந்தது. வேறு பதிப்பாக இருக்குமோ என்று பூசி மெழுகப் பார்த்தேன். நாத்தனார் போனை எடுத்தாள், ஏதோ தேடினாள், நிறுத்தினாள். பிறகு நிதானமாகப் படித்தாள். கண்ணாடி மணிகள், பயந்து நடக்கும் அக்கார்டியன், எல்லாம் அப்படியே. எவரோ ஒருவர் கச்சேரிக்குப் போய்வந்து எழுதியது. மணி அந்தக் கச்சேரியில் அடித்ததாம், ஆல்பத்தில் அல்ல.

"இத்தனை நாளா எங்களுக்குக் காது குத்தினீங்களா அண்ணி?"

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. நான் இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 21, சனி

எதுக்கு வாயத் தொறந்தேன். சும்மா நல்லாருக்குன்னு சொல்லிட்டு டீயக் குடிச்சிருக்கலாம்ல. நல்லாருக்குன்னு சொன்னா யார் அடிக்கப் போறாங்க.

திருடின்னு நெனச்சாலும் நெனச்சுக்கட்டும், செவிடின்னு நெனைக்க வேண்டாம் — இப்படி ஒரு புத்தி எனக்கு எங்கேர்ந்து வந்துச்சு? காது கேக்காதது என் தப்பா? பொய் சொன்னது என் தப்பு. ரெண்டையும் போட்டுக் குழப்பி, தப்பில்லாதத மறைக்கத் தப்பானதப் பண்ணியிருக்கேன்.

அவர் ரெண்டு தடவை என்னாச்சுன்னு கேட்டார். தலைவலின்னேன். இன்னொரு பொய்.

மார்ச் 24, செவ்வாய்

நாத்தனார் மாடிப்படியில் எதிரே வந்தாள். "தண்ணி வந்துடுச்சா அண்ணி?" என்றாள். வந்துவிட்டது என்றேன்.

இதுதான் நடக்கும் என்று எழுதினேன், இதுவே நடந்தது. ஆனால் காதால் அல்ல.

மார்ச் 26, வியாழன்

லேபிலிருந்து நேராக மாடிக்கு ஏறினேன். வீட்டுக்குள் நுழைந்தால் தைரியம் போய்விடும் என்று தெரியும். நாத்தனார் கதவைத் திறந்து, உள்ளே வாங்க என்று சொல்லாமல் நகர்ந்து மட்டும் நின்றாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு கேட்கவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்து, தெர்மாமீட்டர், அக்கா பேத்தி, மூன்று விமர்சனம், எல்லாம். முடித்ததும் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தானும் உட்கார்ந்தாள்.

"வயலின் தொரத்துதுன்னு சொன்னீங்களே, அதக் கேட்டப்புறம் நான் அந்தப் பாட்ட எத்தன தடவ போட்டுப் பாத்தேன் தெரியுமா. நானும் அண்ணியும் ஒரே மாதிரி கேக்குறோம்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதுல எது நிஜம்னு இப்ப எனக்குத் தெரியல. கோபம் அதுக்குத்தான். காதுக்கு இல்ல."

பிப்ரவரி பத்தாம் தேதி வரை சொன்னதெல்லாம் நிஜம் என்றேன். அவள் சிரிக்கவில்லை என்றாலும் உதடு கொஞ்சம் அசைந்தது.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியிலேயே காது பரிசோதிக்கிற பிரிவு இருக்கிறதாம். சனிக்கிழமை எட்டரைக்கு ரெடியாக இருங்கள், சாப்பிட்டுவிட்டே வரலாம், அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் நன்றாக இருக்காது என்றாள்.

கீழே வந்து அவரிடம் சொன்னேன். "பெருக்குற சத்தம் உனக்குக் கேக்கலன்னு அன்னைக்கே எனக்குப் பட்டுச்சு" என்றார். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." ஒன்றரை மாதமாகத் தெரிந்திருக்கிறது. அவரும் ஒரு அழுத்தக்காரர்தான்.

மார்ச் 28, சனி

ஒரு சின்ன அறை, கனமான கதவு. உள்ளே உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கேட்காதபோது அமுக்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கைக்குப் பழகிவிட்டதுபோல. அமுக்கவில்லை.

பரிசோதித்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எதிரே உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள். எனக்குக் கேட்கும் அளவைத் தாளில் கோடாகக் காட்டினாள்; கனத்த சத்தங்களுக்குச் சமதரையாகப் போகிற கோடு, கீச்சுச் சத்தங்கள் வந்ததும் சறுக்குமரம்போல் இறங்கிவிடுகிறது. வலது காதில் இன்னும் செங்குத்தாக. என்ன வேலை என்று கேட்டாள். பல் தேய்க்கும் மோட்டார் என்றதும் பேனாவைக் கீழே வைத்தாள். எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், காதில் ஏதாவது அடைத்துக்கொள்வீர்களா? எங்கள் லேபில் கண்ணுக்குக் கண்ணாடி உண்டு, மூக்குக்கு முகமூடி உண்டு. காதை யாரும் நினைத்ததில்லை. நானும்தான்.

போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், மிஷின் வைத்தால் நிறையவே சரியாகும் என்றாள். இரண்டு காதுக்கும்.

வெளியே நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். கோட்டைக் காட்டினேன். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத வெச்சுக்கிட்டா இவ்வளவு ரசிச்சீங்க" என்றாள்.

ஏப்ரல் 1, புதன்

லேபில் எல்லோரிடமும் சொன்னேன். முட்டாள்கள் தினம் என்பதால் முதலில் யாரும் நம்பவில்லை. முதலாளியம்மா மட்டும் நம்பினார். சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் காதை மூடும் உறை வந்துவிட்டது. தூசி உறிஞ்சி இரையும் மிஷினை அடுத்த அறைக்குத் தள்ளுவதற்குச் சுவரில் ஓட்டை எங்கே போடலாம் என்று அளந்துகொண்டிருந்தார்.

மெழுகிடம் தனியாகச் சொன்னேன், நீயும் போய்ப் பரிசோதித்துக்கொள் என்று. எட்டு வருஷமாக என் மோட்டாருக்கு அடுத்த நாற்காலி. எனக்கென்ன அக்கா, உப்பெல்லாம் கேட்குதே என்றான். உப்பு கேட்கும்போதே போ என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

மெழுகின் கோட்டில் ஒரு இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு பள்ளம். அந்தப் பெண் சொன்னாளாம், அங்கேதான் எல்லோருக்கும் ஆரம்பிக்கும், இப்போது நிறுத்தினால் அதோடு நிற்கலாம் என்று. அவன் வயது முப்பத்தொன்று. நாள் முழுக்க உறையைக் கழற்றவில்லை. டீ குடிக்கும்போதுகூட. கூப்பிட்டால் திரும்புவதில்லை, இப்போது எங்கள் இரண்டு மேஜையிலும் சேர்த்து என்னுடைய காதுதான் கூர்மை.

இதைச் சொல்லி இருவரும் சிரித்தோம். பிறகு அவன் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "நீங்க அன்னைக்கு அந்த மணியப் பத்திச் சொல்லலன்னா நான் போயிருக்க மாட்டேன்கா" என்றான். அப்படியானால் அந்தப் பொய்க்கு நான் வருத்தப்படுவதா, வேண்டாமா? இரண்டும்தான்.

ஏப்ரல் 15, புதன்

மிஷின் வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் ஒரு கொண்டைக்கடலை அளவு. ஆஸ்பத்திரி வாசலில் என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று தெரிந்து வெட்கமாகிவிட்டது. அவர் பேப்பர் புரட்டினால் ஓலைக் கூரை பிய்கிற மாதிரி இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்கு ஒரு குரல் இருக்கிறது. அக்கா பேத்தியிடம் பேசினேன். தெளிவாக, கோர்வையாக, தன் டீச்சரைப் பற்றி ஐந்து நிமிஷம் புகார் சொன்னாள்.

சாயங்காலம் பாட்டுப் போட்டேன். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருந்தது. பியானோ நெளிகிறது. வயலின் கீறுகிறது. கழற்றினால் பாதிப் பாட்டு இல்லை, மாட்டினால் பாட்டே இல்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

மாடிக்குப் போகவில்லை. அசதி என்று சொல்லியனுப்பினேன். அவர்களுடைய சிரிப்பு கீழே வரை கேட்டது. முன்பெல்லாம் கேட்காது.

ஏப்ரல் 22, புதன்

நாத்தனார் ஒரு தாள் கொண்டுவந்தாள். ஏழு ஆல்பங்கள். கூட்டத்துக்கு வெளியே, எனக்கென்று தேடி எடுத்தது. எல்லாம் டபுள் பேஸ், செல்லோ, ஆண்கள் அடிக்குரலில் சேர்ந்து பாடுவது. பத்து நாள் உட்கார்ந்து தேடியிருக்கிறாள். "இதுல ஒண்ணும் தவறிப்போகாது அண்ணி" என்றாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. இது என்ன பத்தியச் சாப்பாடா என்று கேட்டுவிட்டேன். உங்களுக்கெல்லாம் விருந்து, எனக்கு மட்டும் உப்பில்லாத கஞ்சியா?

அவளும் விடவில்லை. "அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு? ஒண்ணும் செய்யாம இருந்தா பொய் சொல்றீங்க, செஞ்சா பத்தியம்ங்கிறீங்க."

நீங்கள் கேட்பதையே கேட்க வேண்டும், எனக்கு எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வரட்டும், வராததை வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, இதுதான் வேண்டும் என்று.

தாளைக் கிழிக்கப் போனாள். பிடுங்கி வைத்துக்கொண்டேன். மூன்றாவதாக இருந்த ஆல்பத்தின் பெயர் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 28, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போய்த் தகர டப்பாவைப் பற்றிச் சொன்னேன். இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்றாள் அந்தப் பெண். மிஷினுக்குப் பேச்சுதான் தெரியுமாம். பாட்டைக் கேட்டால் அதையும் யாரோ கூட்டத்தில் கத்துகிறார்கள் என்று நினைத்துத் திருத்தப் பார்க்குமாம். பாட்டுக்கென்று தனியாக ஒரு அமைப்பு வைக்கலாம், ஆனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும் என்றாள்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். நான் போனில் போடுவேன், கேட்பேன், சொல்வேன். அவள் கம்ப்யூட்டரில் திருகுவாள். பியானோ நெளிவது நின்றது. வயலின் கீறுவது குறைந்தது. சாம்பல் அட்டை ஆல்பத்தையும் போட்டுப் பார்த்தோம். உப்பு வரவில்லை. அந்தச் சுருதி உயரத்தில் உங்கள் காதில் வாங்கிக்கொள்ள ஆளே இல்லை, மிஷின் கதவைத் தட்டினாலும் யாரும் திறக்கமாட்டார்கள் என்றாள். சரி என்றேன். நிஜமாகவே சரியாகத்தான் இருந்தது. அது இருக்கிறது என்று தெரியும், எங்கே இருக்கிறது என்றும் தெரியும், எனக்குக் கேட்காது. உலகத்தில் இப்படி எத்தனையோ.

கிளம்பும்போது, அந்தக் குரலும் வயலினுமாக ஒன்று போட்டீர்களே, அது என்ன ஆல்பம் என்று கேட்டாள். நாள் முழுக்க 'பீப்' சத்தம் கேட்டுக் கேட்டு வீட்டுக்குப் போனால் பாட்டே வைப்பதில்லையாம். பெயரை எழுதிக்கொடுத்தேன். முதலிலிருந்து கடைசி வரை, வரிசை மாற்றாமல் என்று சொல்லிக்கொடுத்தேன்.

மே 1, வெள்ளி

மாடிக்குப் போனேன். இரண்டாவது பாட்டும் ஆறாவது பாட்டும் பிடித்தன, நடுவில் எனக்கு நிறைய வரவில்லை, வராத இடத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள் என்றேன். மெழுகு எழுந்து நின்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். ஆல்பத்தைவிட அது நன்றாக இருந்தது.

மே 12, செவ்வாய்

காது பரிசோதிக்கிற பெண்ணிடமிருந்து நீளமாக ஒரு மெசேஜ். பாட்டுக்குப் பாட்டு எழுதியிருக்கிறாள். வயலின்கள் துரத்தவில்லை, வழி தெரியாமல் ஒன்றையொன்று தேடுகின்றன என்கிறாள். நாத்தனாரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். "இந்தப் பொண்ணு வெள்ளிக்கிழம ஃப்ரீயா?" என்றாள்.

மே 22, வெள்ளி

காது பரிசோதிக்கிற பெண்ணோடு நான்கு பேர். ஸ்டூல் போதாமல் அவர் கீழேயிருந்து நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் போகவில்லை. கதவோரம் சாய்ந்து நின்று முழுதும் கேட்டுவிட்டு, மூன்றாவது பாட்டு லிஃப்ட் கயிறு இழுபடுகிற மாதிரி இருக்கிறது என்றார். யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

ஜூன் 5, வெள்ளி

புதிதாக வந்தவளின் முதல் ஆல்பம். டிரம்பெட், கிடார், பின்னால் ஒரு பெரிய கோரஸ். மெழுகு வழக்கம்போல் ஒன்பது. நாத்தனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, இந்த வருஷத்திலேயே சிறந்தது என்றாள். நான் மூன்று தடவை கேட்டேன், மிஷின் போட்டு இரண்டு, கழற்றி ஒன்று. நான் நான்குதான் போட்டேன். டிரம்பெட்காரருக்குத் தன் சத்தத்தின் மேலேயே ஆசை. இரண்டாவது பாட்டில் கோரஸ் உள்ளே வர மூன்று தடவை வாயைத் திறக்கிறது, அவர் விடவேயில்லை என்றேன்.

நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. அது ஏக்கம், அந்தக் காத்திருப்புதான் அந்தப் பாட்டே என்றாள். ஏக்கம் இல்லை, இடித்துக்கொண்டு நிற்கிறார் என்றேன். ஆல்பம் கொடுத்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இது எப்போதும் இப்படித்தானா என்று மெழுகைக் கேட்டாள். அவன் காதை மூடும் உறையைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டான். டீ ஆறி, வெளிச்சம் குறைந்து, மற்ற இருவரும் கிளம்பிய பிறகும் நாங்கள் முடிக்கவில்லை. நீங்கள் அந்தப் பாட்டை மிஷின் போட்டுக் கேட்டீர்களா, கழற்றிவிட்டா என்று நாத்தனார் கேட்டாள். இரண்டு விதமாகவும் டிரம்பெட்காரர் இடித்துக்கொண்டுதான் நிற்கிறார் என்றேன். அவள் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கீழே வந்து காய் நறுக்க ஆரம்பித்தேன்.

அரை மணி நேரம் கழித்து மாடிப்படியில் செருப்புச் சத்தம். சமையலறை வாசலில் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டாவது பாட்டு மட்டும் நீங்க சொன்னது சரின்னு வெச்சுக்கலாம் அண்ணி."

"வெச்சுக்கலாம் இல்ல," என்றேன். "சரி."